பையா, டப்பாவா

தை பிறந்துவிட்டால் என் கடைக்குப் பழுதுக்கு வரும் வாக்குவம் கிளீனர்களின் வாடையே மாறிவிடும். மற்ற மாதங்களில் மூடியைத் திறந்தால் தலைமுடியும் பஞ்சும் சேர்ந்த புழுக்க வாடை வரும். தையிலும் மாசியிலும் திறந்தால் அரிசி மில்லுக்குள் நுழைந்தது போல இருக்கும். உமித்தூள், தவிடு, நெல்லின் சுணை. ஒரு மிஷினைப் பிரித்து முடிப்பதற்குள் முழங்கை வரைக்கும் அரிப்பெடுக்கும்.

நீடாமங்கலத்தில் ரயில்வே கேட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி, 1994 முதல் மிக்சி, கிரைண்டர், ஃபேன், மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். தஞ்சாவூர், திருவாரூர், மன்னார்குடி என்று மூன்று பக்கமும் தண்டவாளம் பிரிகிற ஊர் இது. கேட் மூடினால் நெல் மூட்டை ஏற்றிய லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகும் நெல் எங்கள் ஸ்டேஷனில்தான் கூட்ஸ் வண்டியில் ஏறுகிறது. கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் தூற்றும்போது ஒரு தூசி, மூட்டை ஏறும்போது ஒரு தூசி, சாலையில் காயப்போட்ட நெல்லை அள்ளும்போது ஒரு தூசி. கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் தூசி களத்தோடு நின்றது. இப்போது அறுவடை மிஷின் ஊரை ஒட்டிய வயலில் இறங்கினால் அன்று சாயங்காலமே வீட்டு ஜன்னல் கம்பியெல்லாம் சாம்பல் பூத்துவிடுகிறது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பு பக்கத்திலேயே இருக்கிறது. மூன்று ஆறு பாய்கிற ஊரில் தூசிக்கு இவ்வளவு பாடா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். சம்பா அறுவடை சமயத்தில் ஒரு வாரம் வந்து தங்கினால் அந்தக் கேள்வி வராது.

மிஷின் வாங்க நினைக்கிறவர்கள் கடைக்கு வந்து கேட்பது ஒன்றுதான். பை வைத்ததை வாங்குவதா, பை இல்லாததையா? எங்கள் பேச்சில் பை மிஷின், டப்பா மிஷின். எது நன்றாக இழுக்கும், எது விலை குறைவு என்று பேச்சு போகும். முப்பது வருஷமாக இரண்டு வகையையும் பிரித்துப் போட்டு மாட்டியவன் என்ற முறையில் எனக்கு ஒரு தீர்மானமான அபிப்பிராயம் உண்டு. இழுப்பதை எந்த மிஷினும் செய்யும். இழுத்த தூசி வீட்டை விட்டு எப்படி வெளியே போகிறது, அதை யார் கையால் கொட்டுகிறார்கள், கொட்டுகிறவருக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். இந்த முடிவுக்கு வர எனக்குப் பல வருஷம் ஆனது. ஆனால் அதற்கான பாடத்தை நான் பத்து வயதிலேயே பார்த்திருக்கிறேன்.

என் அப்பா அரிசி மில்லில் ஃபிட்டர். மத்தியானச் சோறு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மில்லின் பின்சுவரை ஒட்டித் தகரத்தில் ஒரு பெரிய உருவம் நிற்கும். மேலே உருளை, கீழே புனல். சைக்ளோன் என்பார்கள். நூறு கிலோ நெல் அரைத்தால் இருபது கிலோவாவது உமியாக வரும். அந்த உமியைக் காற்றால் ஊதி அந்தத் தகரத்துக்குள் பக்கவாட்டில் அனுப்புவார்கள். உள்ளே போன காற்று சுழலும். ராட்டினத்தில் ஓரத்தில் உட்கார்ந்தவனை வெளிப்பக்கம் தள்ளுகிறதே, அதே தள்ளலில் உமி சுவரில் மோதும், வேகம் இழக்கும், புனல் வழியாகக் கீழே கொட்டும். காற்று நடுவில் ஏறி மேலே போய்விடும். உள்ளே பல்லும் கிடையாது, சல்லடையும் கிடையாது. சுழற்சி ஒன்றுதான்.

ஆனால் மில்லுக்குப் பின்னாலிருந்த முருங்கை மரத்தின் இலை எப்போதும் சாம்பல் நிறமாகவே இருக்கும். பக்கத்து வீட்டு அக்கா கொடியில் துணி காயப்போட்டால் அப்பாவிடம் சண்டைக்கு வருவார். நான் அப்பாவிடம் கேட்டேன், “உமிதான் கீழ விழுந்துருதே, அப்புறம் இது என்னப்பா?” “உமி விழுந்துரும்டா. மாவுத்தூசி விழாது. அதுக்குக் கனம் கிடையாது, காத்தோடயே மேல போயிரும்” என்றார். அதனால்தான் பெரிய மில்களில் சைக்ளோனுக்கு அடுத்தபடியாக நீள நீளமாகத் துணிப்பைகள் தொங்கும் ஒரு கூண்டையும் வைத்தார்கள். சுழற்சிக்குத் தப்பியது துணியில் நிற்கும்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் டைசன் என்பவர் 1978 வாக்கில் தன் வீட்டு வாக்குவம் கிளீனரில் பையின் நுண்துளைகள் அடைத்து இழுவை குறைவதைக் கவனித்திருக்கிறார். மரம் அறுக்கும் மில்லில் மரத்தூளைப் பிரிக்க வைத்திருந்த சைக்ளோனைப் பார்த்துவிட்டு, அதையே கைக்கடக்கமாகச் செய்ய முயன்று, 5,127 மாதிரிகள் செய்து பார்த்தாராம். 1993இல் தன் சொந்தப் பெயரில் பை இல்லாத மிஷினைக் கொண்டுவந்தார். இதை ஒரு பத்திரிகையில் படித்தபோது எனக்கு முருங்கை இலைதான் நினைவுக்கு வந்தது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே மேல்நாட்டு மாவு மில்களில் இந்தச் சைக்ளோன் வந்துவிட்டது. எங்கள் மில் பின்சுவரில் நின்றதும் அதேதான். வீட்டு மிஷினுக்குள்ளும் கனமான தூசி சுவரில் மோதி டப்பாவில் விழுகிறது. கனமில்லாத தூசி மேலே போகத்தான் செய்யும். அதைப் பிடிக்க அங்கேயும் ஒரு ஃபில்டர் வேண்டும். பை இல்லாத மிஷின் என்கிறார்களே தவிர, பை செய்த வேலையை அதில் வேறொன்று செய்துகொண்டிருக்கிறது. அந்த வேறொன்றைக் கழுவுவது நம் வீட்டு ஆள்.

வீட்டு மிஷினில் பையின் கதை டைசனுடையதைவிடப் பழையது. 1907இல் அமெரிக்காவில் ஓஹியோ மாநிலத்தின் கேன்டன் நகரில் ஒரு பெரிய கடையைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்தவர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பாங்ளர். அவருக்கு ஆஸ்துமா. கம்பளம் கூட்டினாலே மூச்சு இழுக்கும். ஒரு ஃபேன் மோட்டார், துடைப்பக் கட்டை, பெட்டி, இவற்றோடு ஒரு தலையணை உறையைத் தூசிப் பையாகக் கட்டித் தானே ஒரு மிஷின் செய்துகொண்டார். 1908இல் காப்புரிமை வாங்கினார். அதை வாங்கித் தொழிலாக்கியவர்கள்தான் ஹூவர் குடும்பம். இந்தச் செய்தியை நான் வாடிக்கையாளர்களிடம் அடிக்கடி சொல்வேன். தூசியைப் பையில் அடைக்கும் எண்ணம் மூச்சு முட்டிய ஒரு மனிதனின் எண்ணம். அது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

எங்கள் பக்கத்துக்கு மிஷின் வந்தது டை கட்டிய பையன்களோடு. யுரேகா ஃபோர்ப்ஸ் கம்பெனி 1982இல் தொடங்கி, வீடு வீடாகப் போய் விற்கும் பழக்கத்தை நாடெங்கும் கொண்டுவந்தது. யூரோக்ளீன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சோபாவையும் மெத்தையையும் இழுத்துக்காட்டி, வெள்ளைத் துணியில் படிந்த தூசியைப் பார்க்கச் சொல்வார்கள். மில் முதலாளிகள் வீட்டிலும் வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிற வீட்டிலும் வாங்கினார்கள்.

நான் முதன்முதலில் பிரித்த மிஷின் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்ததுதான். கடை தொடங்கி ஒரு வருஷம் இருக்கும். “நல்லாத்தான் இழுத்துச்சு தம்பி. போன வாரம் இன்னும் வேகமா ஓடுச்சு. திடீர்னு பொகை வந்து நின்னுருச்சு” என்றார் அந்த அம்மா. திறந்தால் பை கல் போல இறுகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து மாற்றவே இல்லை. வேகமாக ஓடியது என்று அவர் சொன்னது நிஜம். பை அடைத்தால் காற்று வராது. காற்று வராவிட்டால் விசிறிக்குத் தள்ள வேலை இல்லை. வேலையில்லாத மோட்டார் வேகம் பிடிக்கும், சத்தம் கீச்சென்று ஏறும். கேட்பவருக்கு அது பலமாக இழுப்பது போலத் தோன்றும். உண்மையில் அப்போது அது இழுப்பதே இல்லை. அதோடு, சாதாரண வீட்டு மிஷினில் இழுக்கும் காற்றேதான் மோட்டாரைக் குளிர்விக்கிறது. காற்று நின்றால் சூடு ஏறும். கார்பன் பிரஷ் தீய்ந்து, ஆர்மேச்சர் கருகித்தான் என் மேஜைக்கு வந்தது. அன்றிலிருந்து மிஷினைக் கொடுக்கும்போதெல்லாம் ஒன்றைச் சொல்லி அனுப்புகிறேன்: சத்தம் ஏறினால் நிறுத்திவிட்டு உள்ளே திறந்து பாருங்கள். பை மிஷினுக்கும் டப்பா மிஷினுக்கும் இது பொது.

பை மிஷினின் பெரிய கஷ்டம் பை கிடைப்பதுதான். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும், அது என் தவறு. ஒரு குடும்பத்துக்குப் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து அருமையான பை மிஷின் ஒன்றை அனுப்பினார். கூடவே வந்த காகிதப் பைகள் ஒரு வருஷத்தில் தீர்ந்தன. அந்த அளவுப் பை தஞ்சாவூரிலும் இல்லை, திருச்சியிலும் இல்லை. பெரியவர் என்னிடம் வந்து வழி கேட்டார். நான் பழைய பையின் அட்டைக் கழுத்தை வெட்டி எடுத்து, காடாத் துணியில் பை தைத்துப் பொருத்திக் கொடுத்தேன். நன்றாக இழுத்தது. அவர் சந்தோஷப்பட்டார், நானும் பெருமைப்பட்டேன். எட்டு மாதத்தில் மோட்டார் போயிற்று. பிரித்துப் பார்த்தால் காடாவின் இழை இடைவெளியில் நுழைந்த மாவுத்தூசி விசிறியிலும் பேரிங்கிலும் அப்பியிருந்தது. போதாக்குறைக்கு, பின்பக்கக் காற்றோடு அதே தூசி அந்த வீட்டு ஹாலில் எட்டு மாதமும் திரும்பப் பரவியிருக்கிறது. காகிதப் பைக்குள் பல அடுக்கு இருப்பது எதற்கு என்று யோசிக்காமல் செய்துவிட்டேன். ரிப்பேருக்குக் காசு வாங்கவில்லை. ஆனால் அந்த வீட்டில் கைக்குழந்தை இருந்தது. அது இப்போதும் மனதில் உறுத்துகிறது.

நெல் தூசியை வேறு தூசிகளோடு சேர்க்கக் கூடாது. உமியைச் சுட்ட சாம்பலில் பத்தில் ஒன்பது பங்குக்கு நெருக்கமாகச் சிலிக்காதான், மணலில் இருக்கிற அதே சரக்கு. உமித்தூள் உள்ளே சுழன்று சுழன்று டப்பாவின் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கை இரண்டே அறுவடையில் மங்கலாக்கிவிடும். மங்கினால் இழுவை குறையாது, கவலை வேண்டாம். உள்ளே விசிறிக்குப் போனால்தான் கேடு.

டப்பா மிஷின்கள் இங்கே அதிகமாக வந்தது இந்தப் பதினைந்து வருஷத்துக்குள். பை வாங்கும் செலவில்லை, என்ன இழுத்தது என்று கண்ணால் பார்க்கலாம். பார்ப்பதில் நிஜமான பயன் உண்டு. மூக்குத்தித் திருகு, கம்மல் கல், தாலிக் குண்டு என்று டப்பாவிலிருந்து எடுத்துக்கொடுத்தது நிறைய. பை என்றால் செய்தித்தாளை விரித்துக் கிழித்துத் தேட வேண்டும். வண்டு விஷயமும் அப்படித்தான். பத்தாயம் வைத்த வீடுகளில் அதைச் சுற்றிய மூலைகளை இழுப்பார்கள். நெல் வண்டும் சேர்ந்து உள்ளே போகும். பாதி நிரம்பிய பையை அப்படியே அலமாரியில் வைத்துவிட்டு மூன்று மாதம் கழித்துத் திறந்தால், உள்ளே தவிட்டைத் தின்று வண்டு உயிரோடு ஊர்ந்துகொண்டிருக்கும். அறுவடைக் காலத்தில் பை முக்கால் நிரம்பினாலே எடுத்து எறிந்துவிடச் சொல்வது அதனால்தான்.

இவ்வளவும் இருந்தும் டப்பா மிஷினை எல்லோருக்கும் நான் சிபாரிசு செய்யாததற்குக் காரணம் ஒரு டீச்சர். ஓய்வு பெற்றவர், தனியாக இருப்பவர், வீசிங் உண்டு. கூட்டினால் இழுக்கிறது என்பதற்காகவே மகள் ஒரு விலை உயர்ந்த டப்பா மிஷினை வாங்கிக் கொடுத்திருந்தார். நல்ல மிஷின். ஹெபா ஃபில்டர் உள்ளது. அந்த ஃபில்டர் 0.3 மைக்ரான் அளவுத் துகளில் நூற்றுக்கு 99.97ஐப் பிடிக்கும் என்பது கணக்கு. தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான் என்றால் எவ்வளவு நுண்மை என்று பார்த்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தும் மாசி மாதத்தில் டீச்சருக்கு இழுப்பு அதிகமாகி, மன்னார்குடி ஆஸ்பத்திரிக்குப் போய் நெபுலைசர் வைத்துவிட்டு வந்தார்.

மிஷினில் கோளாறு இருக்குமோ என்று என்னை வீட்டுக்கு அழைத்தார். கேஸ்கெட், ஓஸ், ஃபில்டர் எல்லாம் பார்த்தேன். எதிலும் கசிவில்லை. “டீச்சர், தூசிய எங்க கொட்டுறீங்க?” என்று கேட்டேன். கொல்லைப்பக்கம் வாழைக்கு அடியில் என்று காட்டினார். ஒருமுறை கொட்டிக் காட்டச் சொன்னேன். டப்பாவின் அடிமூடியைத் திறந்தார். சுணையும் மாவுத்தூசியும் குப்பென்று மேலே எழும்பி, வாழைமட்டையில் பட்டு, காற்றில் திரும்பி அவர் முகத்துக்கே வந்தது. பிறகு ஒட்டியதைத் தட்ட வேண்டும் என்று டப்பாவைச் சுவரில் நாலு தட்டுத் தட்டினார். ஃபில்டரையும் தட்டினார். ஒரு வாரம் முழுக்க வீட்டில் பிடித்த தூசியை ஒரு நிமிஷத்தில் ஒரே இடத்தில் நின்று சுவாசித்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்பா சொன்ன மாவுத்தூசி அங்கே கண்ணெதிரே நின்றது.

நான் அவருக்குப் பை மிஷின் மாற்றச் சொன்னேன். கழுத்தில் மூடி உள்ள பை, எடுத்தவுடன் வாய் அடைத்துக்கொள்ளும். அப்படியே பிளாஸ்டிக் கவரில் போட்டுக் குப்பை வண்டியில் கொடுத்துவிடலாம். பை நான் வாங்கித் தருகிறேன் என்றேன். பழைய மிஷினை மகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவருக்கு வீசிங் போய்விட்டது என்று நான் சொல்லமாட்டேன், அறுவடைக் காலத்தில் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. தூசி கொட்டிய நாளன்று இழுப்பு வருவது நின்றது.

டப்பா மிஷினுக்கு இன்னொரு எதிரி எங்கள் ஐப்பசி, கார்த்திகை. ஃபில்டரைக் கழுவி ஒரு நாள் முழுக்க நன்றாகக் காயவிட்டு மாட்ட வேண்டும் என்று கம்பெனிப் புத்தகத்தில் போட்டிருக்கும். வடகிழக்குப் பருவமழையில் இங்கே வேட்டியே மூன்று நாள் காயாது. ஈரத்தோடு மாட்டுவார்கள். ஈர ஃபில்டரில் தூசி படிந்தால் களியாகிவிடும், பூசணம் பிடிக்கும், ஓட்டினால் வீடெல்லாம் நாற்றம். ஈரக் காற்று மோட்டாருக்கும் ஆகாது. டப்பா மிஷின் வாங்குகிறவர்களிடம் மிஷினோடு கூடவே இரண்டாவது ஃபில்டர் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள் என்று கட்டாயமாகச் சொல்வேன். ஒன்று கொடியில், ஒன்று மிஷினில். கூடுதல் செலவு என்று தயங்குவார்கள். பை வாங்கும் செலவை மிச்சப்படுத்தியதில் கொஞ்சம் இதற்குப் போகட்டும்.

ஈரமும் இழுக்கும் டிரம் மிஷின்கள் தனி ரகம். அவற்றில் மோட்டாரைக் குளிர்விக்கத் தனிக் காற்றுப்பாதை இருப்பதால் தண்ணீரை இழுத்தாலும் தாங்கும். அதைப் பார்த்துவிட்டுச் சாதாரண மிஷினால் கொல்லைத் தண்ணீரை இழுத்து மோட்டாரை எரித்துக்கொண்டு வருகிறவர்கள் வருஷத்துக்கு இரண்டு பேராவது உண்டு. விபூதி, கோலமாவு, சாம்பிராணிச் சாம்பல் இவற்றை எந்த மிஷினிலும் இழுக்காதீர்கள். துடைப்பமும் ஈரத்துணியும் போதும். அந்த நுண்தூள் ஒரு கைப்பிடி போனாலே பையும் அடைக்கும், ஃபில்டரும் அடைக்கும்.

இப்போது யாராவது வந்து பையா டப்பாவா என்று கேட்டால் விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உட்காரச் சொல்லிச் சில விஷயங்கள் கேட்கிறேன். வீட்டில் யாருக்காவது மூச்சுத் தொந்தரவு உண்டா? கொட்டப்போவது யார்? ஃபில்டரை வாரத்துக்கு ஒருமுறை கழுவ ஆள் உண்டா? போன மார்கழியில் ஒரு பெண் வந்தார். மாமனாருக்கு முப்பது வருஷம் மில்லில் மூட்டை தூக்கிய நுரையீரல். மாமியார்தான் வீடு கூட்டுகிறவர். கணவர் திருப்பூரில். டப்பா மிஷினுக்குக் காசு எண்ணி வைத்துக்கொண்டு வந்திருந்தார். “அண்ணே, பை தீந்துபோனா நான் எங்க போவேன்?” என்பதுதான் அவருடைய ஒரே தயக்கம். அவர் வாங்க நினைத்த கம்பெனியிலேயே, பை எளிதாகக் கிடைக்கிற ஒரு மாடலைக் காட்டினேன். மிஷினோடு வந்த பைகளைத் தவிர ஒரு கட்டுப் பை தனியாக வாங்கிக் கொடுத்து, இன்னொரு கட்டை அவர் பெயர் எழுதி என் அலமாரியில் வைத்தேன்.

மாசிக் கடைசியில் அவருடைய மாமியார் வந்தார். கேட் மூடியிருந்ததால் பஸ்ஸை விட்டு இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தே வந்திருந்தார். “மருமவ பேர்ல பை இருக்காமே தம்பி” என்று கேட்டு வாங்கி, எண்ணிப் பார்த்து முந்தானையில் சுற்றிக்கொண்டார். பழைய பையை என்ன செய்தீர்கள் என்றேன். நிரம்பியதும் வாயை மூடிக் குப்பை வண்டியில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். உள்ளே என்ன இருந்தது என்று பார்க்கவே இல்லையாம். அவர் போன பிறகு அலமாரியில் காலியான அந்த இடத்துக்கு அடுத்த கட்டுப் பை வேண்டுமென்று தஞ்சாவூர்க் கடைக்குப் போன் செய்தேன்.